'லோட்டஸ் நோட்ஸா... அது இன்னுமா இருக்கு?' - டாமினோ சர்வரில் வெப் அப்ளிகேஷன் உருவாக்கக் கற்பது எப்படி?

சென்னை ஓஎம்ஆரில் ஓர் ஐடி நிறுவனம். ரியாக்ட், நோட் ஜேஎஸ் எல்லாம் படித்துவிட்டு வேலைக்குச் சேர்ந்த ஓர் இளம்பெண். பயிற்சி முடிந்த நாளில் மேனேஜர் சொல்கிறார்: "உன்னை டாமினோ டீம்ல போட்டிருக்கும்மா. கிளையன்ட்டோட உள் அப்ளிகேஷன் எல்லாம் அதுலதான் ஓடுது."

அன்று இரவு கல்லூரி நண்பர்களின் வாட்ஸ்அப் குழுவில் விஷயத்தைப் போடுகிறார். முதல் பதிலே இப்படி வருகிறது: "லோட்டஸ் நோட்ஸா? அது இன்னுமா இருக்கு? எங்க அப்பா ஆபீஸ்ல இருந்துச்சு!"

கற்பனைக் காட்சிதான். ஆனால் பெரிய நிறுவனங்களின் பழைய சிஸ்டங்களைப் பராமரிக்கும் ஐடி ஊழியர்கள் பலருக்கு இது புதிதல்ல. கையில் கிடைத்த புராஜெக்ட் ஃபேஷனில் இல்லாதது. அதை மறுப்பதா, கற்பதா? கற்றால் எங்கிருந்து தொடங்குவது? ஒரு சின்ன லீவு விண்ணப்ப அப்ளிகேஷனை உதாரணமாக வைத்து, டாமினோ எப்படி வேலை செய்கிறது, புதிதாக வருபவர்கள் எங்கே சறுக்குகிறார்கள் என்று பார்க்கலாம்.

டாமினோ என்றால் என்ன?

ஒரே வரியில் சொன்னால், மெயில், டேட்டாபேஸ், பயனர் பட்டியல், பாதுகாப்பு, வெப் சர்வர் எல்லாம் ஒரே கூரையின் கீழ் இருக்கும் ஒரு சர்வர். அலுவலகத்தில் பலர் சேர்ந்து வேலை செய்வதற்காகவே உருவானது. அதன் மேசைக் கணினி முகம்தான் 'நோட்ஸ்'.

இதன் வேர் அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் இருக்கிறது. அங்கே ஓடிய 'பிளேட்டோ' என்ற கணினி வழிக் கல்வி அமைப்பில், 1973-ல் 'நோட்ஸ்' என்ற பெயரில் குறிப்புகளைப் பகிரும் வசதி ஒன்று வந்தது. அந்தச் சூழலில் வளர்ந்த மாணவர்களில் ஒருவர் ரே ஓஸி. அவர் 1984-ல் லோட்டஸ் நிறுவனத்தின் பண உதவியோடு ஐரிஸ் அசோசியேட்ஸ் என்ற நிறுவனத்தைத் தொடங்கினார். லோட்டஸ் நோட்ஸின் முதல் வெளியீடு 1989-ல் வந்தது. இதே ரே ஓஸிதான் பின்னாளில் மைக்ரோசாஃப்ட்டில் பில் கேட்ஸ் வகித்த தலைமை மென்பொருள் வடிவமைப்பாளர் பொறுப்பை ஏற்றவர்.

1995-ல் லோட்டஸை ஐபிஎம் சுமார் 350 கோடி டாலருக்கு வாங்கியது. அடுத்த ஆண்டே வெப் உலகத்துக்கான கதவு திறந்தது. நோட்ஸ் சர்வருக்குள் ஒரு வெப் சர்வரைப் பொருத்தி, அதற்கு 'டாமினோ' என்று பெயர் வைத்தார்கள். நோட்ஸ் கிளையன்ட்டுக்காகச் செய்த ஒரு ஃபார்மை, அப்படியே பிரவுசரிலும் திறக்க முடிந்தது.

2018 டிசம்பரில் இன்னொரு திருப்பம். நோட்ஸ், டாமினோ உள்ளிட்ட சில மென்பொருள்களை ஐபிஎம்மிடமிருந்து 180 கோடி டாலருக்கு வாங்குவதாக எச்சிஎல் அறிவித்தது. 2019-ல் கைமாற்றம் முடிந்தது. எச்சிஎல்லை நிறுவிய ஷிவ் நாடார் பிறந்தது தூத்துக்குடி மாவட்டம், திருச்செந்தூர் அருகே உள்ள மூலைப்பொழி கிராமத்தில். இல்லினாயில் முளைத்து, மாசசூசெட்ஸில் வளர்ந்த ஒரு மென்பொருள் இன்று ஓர் இந்திய நிறுவனத்தின் கையில் இருக்கிறது. செத்துப்போன சரக்கும் இல்லை. 2023 டிசம்பரில் இதன் 14-வது பதிப்பு வெளியானது.

டேபிள் இல்லாத டேட்டாபேஸ்

கல்லூரியில் எஸ்க்யூஎல் படித்துவிட்டு வருபவர்கள் முதலில் தடுமாறும் இடம் இதுதான். டாமினோவில் டேபிளும் இல்லை, ரோவும் இல்லை, ஜாயினும் இல்லை.

இருப்பது டாக்குமென்ட். ஒரு லீவு விண்ணப்பம் என்றால் ஒரு டாக்குமென்ட். அதற்குள் பெயர், தேதி, காரணம் என்று ஃபீல்டுகள். பக்கத்து டாக்குமென்ட்டில் அதே ஃபீல்டுகள் இருந்தே ஆக வேண்டும் என்று கட்டாயம் இல்லை. இவை எல்லாம் 'என்எஸ்எஃப்' என்ற ஒரே கோப்புக்குள் இருக்கும். தரவு மட்டுமல்ல, ஃபார்ம், வியூ, புரோகிராம் கோடு, யார் உள்ளே வரலாம் என்ற அனுமதிப் பட்டியல் எல்லாமே அதே கோப்புக்குள்தான். ஓர் அப்ளிகேஷனை இன்னொரு சர்வருக்குக் கொண்டுபோக வேண்டுமா? அந்த ஒரு கோப்பைக் கொண்டுபோனால் பெரும்பாலும் போதும்.

"இது மாங்கோடிபி மாதிரி இருக்கே?" என்று தோன்றினால், அது சரியான கேள்வி. ஆனால் வரிசை தலைகீழ். டாமினோதான் மூத்தது. கவுச்டிபி என்ற டாக்குமென்ட் டேட்டாபேஸை உருவாக்கிய டேமியன் காட்ஸ், அதற்கு முன் ஐரிஸில் நோட்ஸ் மென்பொருளில் வேலை பார்த்தவர். இன்று 'நோஎஸ்க்யூஎல்' என்று படிப்பவற்றின் ஒரு கிளை இங்கிருந்துதான் கிளம்பியது.

மனதில் பதிய வேண்டியவை மூன்று. ஃபார்ம் என்பது டாக்குமென்ட்டைப் பார்க்கவும் நிரப்பவும் உதவும் கண்ணாடி மாதிரி. தரவு அதற்குள் இல்லை. டாக்குமென்ட் என்பது தரவு. வியூ என்பது, 'இந்த வகை டாக்குமென்ட்டுகளை இந்த வரிசையில் காட்டு' என்று முன்கூட்டியே அடுக்கிவைத்த பட்டியல். ஒரே டாக்குமென்ட்டை ஐந்து ஃபார்ம் வழியாகப் பார்க்கலாம். ஐந்து வியூவில் காட்டலாம். கீழே வரப்போகும் பாதுகாப்புச் சிக்கலுக்கு இந்த வித்தியாசம்தான் சாவி.

முதல் அப்ளிகேஷன்: லீவு விண்ணப்பம்

கட்டுவதற்கான கருவியின் பெயர் டாமினோ டிசைனர். விண்டோஸில் மட்டும் ஓடும். மேக் வைத்திருப்பவர்கள் விண்டோஸ் விர்ச்சுவல் மெஷின் போட்டுக்கொள்ள வேண்டும். சர்வரை லினக்ஸிலோ, டாக்கர் கன்டெய்னரிலோ ஓட்டலாம். கற்பதற்கு அலுவலகத்தின் உண்மையான சர்வரைத் தொடாமல், தனியாக ஒரு சோதனை சர்வர் வைத்துக்கொள்வதே நல்லது.

டிசைனரில் புதிய டேட்டாபேஸ் ஒன்றைத் தொடங்கி, ஒரு ஃபார்ம் செய்ய வேண்டும். ஊழியர் பெயர், எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை, காரணம், நிலை என்று ஐந்து ஃபீல்டுகள். பெயர் ஃபீல்டைப் பயனர் தட்டச்சு செய்ய விடக் கூடாது. லாகின் செய்தவர் யார் என்று சர்வருக்கே தெரியும்; ஒரு சின்ன ஃபார்முலா அந்தப் பெயரை எடுத்துப் போட்டுவிடும். இந்த ஃபார்முலா மொழி எக்செல் பழகியவர்களுக்கு அந்நியமாக இருக்காது. ஒவ்வொரு கட்டளையும் @ குறியில் தொடங்கும். நிபந்தனைக்கு ஒன்று, வேறொரு வியூவில் தேடி எடுக்க ஒன்று என்று நீளும்.

அடுத்து ஒரு வியூ. 'நிலுவையில் உள்ளவை' என்று பெயர். நிலை ஃபீல்டில் 'நிலுவை' என்று இருக்கும் டாக்குமென்ட்டுகள் மட்டும், தேதி வரிசையில்.

இவ்வளவுதான். இப்போது பிரவுசரில் சர்வரின் முகவரி, பிறகு டேட்டாபேஸ் கோப்பின் பெயர், பிறகு ஃபார்மின் பெயர், கடைசியில் ஒரு கேள்விக்குறியோடு 'ஓப்பன் ஃபார்ம்' என்ற கட்டளை. ஃபார்ம் வெப் பக்கமாகத் திறந்துவிடும். அதே போல 'ஓப்பன் வியூ' பட்டியலைத் திறக்கும்; 'ஓப்பன் டாக்குமென்ட்' ஒரு விண்ணப்பத்தைத் திறக்கும்; 'எடிட் டாக்குமென்ட்' திருத்த விடும். 'ரீட் வியூ என்ட்ரீஸ்' என்று கேட்டால் பட்டியல் எக்ஸ்எம்எல் ஆகவோ, ஜேசன் ஆகவோ வந்து விழும். ரவுட்டிங் எழுத வேண்டாம். ஏபிஐ எழுத வேண்டாம். டேட்டாபேஸில் இருக்கும் ஒவ்வொரு பொருளுக்கும் பிறக்கும்போதே ஒரு முகவரி உண்டு.

சேமிக்கும் நேரத்தில் சரிபார்ப்பும் மெயில் அனுப்புதலும் வேண்டும் என்றால் ஓர் ஏஜென்ட் எழுத வேண்டும். பேசிக் மொழியைப் போன்ற லோட்டஸ்ஸ்கிரிப்டிலோ, ஜாவாவிலோ எழுதலாம். 'வெப் குவெரி சேவ்' என்ற இடத்தில் அதை மாட்டினால், பிரவுசரிலிருந்து விண்ணப்பம் வந்து, சேமிக்கப்படுவதற்குச் சற்று முன் சர்வரில் ஓடும். மெயில் சர்வர் வேறு எங்கும் இல்லை, இதே வீட்டில்தான் இருக்கிறது. ஆகவே மேலாளருக்கு மெயில் அனுப்புவது சில வரிகளில் முடிந்துவிடும்.

ஓர் அனுபவசாலி துணையிருந்தால் ஒரு பிற்பகலில் இது ஓடிவிடும். சந்தோஷமாக இருக்கும். ஆபத்து தொடங்குவதும் அங்கேதான்.

மறைத்தால் போதுமா? இங்கேதான் சறுக்கல்

மீண்டும் அந்த இளம்பெண்ணின் காட்சிக்கு வரலாம். லீவு ஃபார்மில் 'மருத்துவக் காரணம்' என்று ஒரு ஃபீல்டு. அதை மேலாளரும் எச்ஆரும் மட்டும் பார்க்க வேண்டும் என்பது கிளையன்ட்டின் நிபந்தனை. டிசைனரில் தேடும்போது 'ஹைட் வென்' என்ற வசதி கண்ணில் படுகிறது. 'பார்ப்பவர் எச்ஆர் இல்லை என்றால் இந்த வரியை மறை' என்று ஒரு ஃபார்முலா. சோதித்துப் பார்த்தால் சாதாரண ஊழியருக்கு அந்த வரி தெரியவில்லை. வேலை முடிந்தது!

டீமில் இருக்கும் மூத்தவர் வந்து உட்காருகிறார். "எல்லாம் சரிம்மா. நான் சாதா யூசரா லாகின் பண்றேன், பாரு." பிரவுசர் முகவரியில் ஃபார்ம் பெயரை விட்டுவிட்டு, பட்டியலை ஜேசனாகக் கேட்கிறார். எச்ஆருக்காகச் செய்த வியூவில் மருத்துவக் காரணமும் ஒரு காலமாக இருக்கிறது. பத்துப் பேரின் நோய் விவரம் திரையில் வரிசையாக வந்து நிற்கிறது.

"சார், அந்த வியூவை மெனுவுலயே காட்டலையே... பேரைக்கூட அடைப்புக்குறிக்குள்ள போட்டு மறைச்சிட்டேனே?"

"மெனுவுல காட்டலைன்னா வீட்டுக்கு நேம்போர்டு இல்லைன்னு அர்த்தம். கதவு பூட்டியிருக்குன்னு அர்த்தம் இல்ல."

ஹைட் வென் என்பது ஒரு கண்ணாடியில் ஒட்டும் ஸ்டிக்கர். அந்த ஃபார்ம் வழியாகப் பார்ப்பவருக்கு மட்டும் அது மறைக்கும். தரவு டாக்குமென்ட்டில் அப்படியே இருக்கிறது. வேறு ஃபார்ம், வேறு வியூ, நோட்ஸ் கிளையன்ட்டின் டாக்குமென்ட் விவரப் பெட்டி என்று எந்த வழியாக வந்தாலும் படித்துவிடலாம். அடைப்புக்குறிக்குள் பெயர் வைத்த வியூக்களும், பெயர் தெரிந்தால் பிரவுசரில் திறக்கும்.

உண்மையான பூட்டு எது?

டாமினோவில் பூட்டு அடுக்கடுக்காக இருக்கிறது. டேட்டாபேஸின் வாசலில் இருப்பது 'ஏசிஎல்' என்ற அனுமதிப் பட்டியல். இதில் ஏழு நிலைகள். அனுமதியே இல்லை, போட மட்டும் முடியும், பார்க்க முடியாது, படிக்கலாம், எழுதலாம், தன் பெயரில் இருப்பதை மட்டும் திருத்தலாம், எல்லாவற்றையும் திருத்தலாம், வடிவமைப்பை மாற்றலாம், அனுமதிப் பட்டியலையே மாற்றலாம். இரண்டாவது நிலை கிட்டத்தட்ட புகார்ப் பெட்டி மாதிரி. காகிதத்தைப் போடலாம், திறந்து பார்க்க முடியாது.

இந்தப் பட்டியலில் புதியவர்கள் கவனிக்காமல் விடும் ஒரு வரி உண்டு. லாகின் செய்யாமல் பிரவுசரில் வருபவருக்கு 'அனானிமஸ்' என்று பெயர். அந்தப் பெயர் பட்டியலில் இல்லை என்றால், அவரை சர்வர் திருப்பி அனுப்பாது. 'டீஃபால்ட்' என்ற வரிக்கு என்ன அனுமதியோ அது அவருக்கும் கிடைத்துவிடும். டீஃபால்ட்டில் 'படிக்கலாம்' என்று விட்டிருந்தால், லாகின் இல்லாதவரும் படிப்பார். எனவே புதிய அப்ளிகேஷனில் முதல் வேலை, அனானிமஸ், டீஃபால்ட் இரண்டையுமே 'அனுமதி இல்லை' என்று வைத்துவிட்டு, தேவையானவர்களைக் குழுவாகச் சேர்ப்பது.

அடுத்த அடுக்கு, டாக்குமென்ட்டின் மீதே மாட்டும் பூட்டு. 'ரீடர்ஸ்' வகை ஃபீல்டு ஒன்றை வைத்து அதில் பெயர்களை நிரப்பினால், அவர்களுக்கு மட்டுமே அந்த டாக்குமென்ட் தெரியும். திருத்தும் உரிமைக்கான 'ஆதர்ஸ்' வகை ஃபீல்டில் பெயர் இருப்பவரும் படிக்கலாம். மற்றவர்களுக்கு வியூவிலும் வராது, நேரடி முகவரி கொடுத்தாலும் திறக்காது, ஜேசனிலும் வராது. ஏசிஎல்லில் உச்ச நிலையில் இருப்பவருக்குக்கூட, இந்த இரண்டிலும் பெயர் இல்லை என்றால் தெரியாது. சர்வர் நிர்வாகியின் தனி அதிகாரம் மட்டுமே அதைத் தாண்டும்.

ஆனால் இந்தப் பூட்டு முழு டாக்குமென்ட்டுக்கும்தான், ஒரு ஃபீல்டுக்கு மட்டும் அல்ல. அப்படியானால் மருத்துவக் காரணத்தை என்ன செய்வது? அதைத் தனி டாக்குமென்ட்டாகப் பிரிக்க வேண்டும். தேதி, நிலை இருக்கும் லீவு விண்ணப்பம் ஒன்று. டீமில் எல்லோரும் பார்க்கலாம். காரணம் மட்டும் இருக்கும் துணை டாக்குமென்ட் இன்னொன்று. அதன் ரீடர்ஸ் ஃபீல்டில் ஊழியர், மேலாளர், எச்ஆர். தரவை எப்படிப் பிரிப்பது என்ற முடிவே இங்கு பாதுகாப்பு முடிவாகிறது.

இதிலும் இரண்டு பள்ளங்கள் உண்டு. ரீடர்ஸ் ஃபீல்டில் தனிநபர் பெயரை மட்டும் போட்டு, அவர் வேலையை விட்டுப் போய்விட்டால், டாக்குமென்ட் இருந்தும் இல்லாதது போல ஆகிவிடும். அதனால் பெயருக்குப் பதில் 'எச்ஆர்' போன்ற ரோலைச் சேர்ப்பதே பழக்கம். இன்னொன்று, சர்வர்களையும் அந்த ஃபீல்டில் சேர்க்க வேண்டும். சேர்க்காவிட்டால் இன்னொரு சர்வருக்கு அந்த டாக்குமென்ட் நகலாகிப் போகாது. "நேத்து போட்ட லீவு அந்த ஆபீஸ்ல தெரியவே இல்ல" என்ற புகாரின் காரணம் பல நேரங்களில் இதுவாக இருக்கும்.

ஏஜென்ட்டிலும் ஒரு கண் வேண்டும். பிரவுசர் வழியாக ஓடும் ஏஜென்ட், தனியாகச் சொல்லாவிட்டால், வந்திருக்கும் பயனரின் அதிகாரத்தில் ஓடாது. அதில் கையெழுத்திட்ட டெவலப்பரின் அதிகாரத்தில் ஓடும். டெவலப்பருக்கு எல்லாம் தெரியும் என்றால், அந்த ஏஜென்ட் கேட்பவருக்கெல்லாம் எல்லாவற்றையும் எடுத்துக் கொடுத்துவிடும். 'வெப் பயனராக ஓடு' என்ற தேர்வு எதற்காக இருக்கிறது என்று முதல் வாரத்திலேயே தெரிந்துகொள்வது நல்லது.

இரண்டு ஊரில் இரண்டு நகல்

டாமினோவின் பெருமைக்கும் தலைவலிக்கும் ஒரே பெயர்: ரெப்ளிகேஷன். ஒரே டேட்டாபேஸின் நகல் சென்னையில் ஒன்று, ஜெர்மனியில் ஒன்று என்று இருக்கலாம். இரண்டிலும் வேலை நடக்கும். குறிப்பிட்ட நேரத்தில் இரண்டும் பேசி, மாற்றங்களைப் பரிமாறிக்கொள்ளும். இணைப்பு மெதுவாகவும் விலை அதிகமாகவும் இருந்த காலத்தில் இது பெரிய வரம். இன்றைக்கும் நெட் போய்விட்ட இடத்தில் வேலை நிற்காது.

ஆனால் ஒரே விண்ணப்பத்தைச் சென்னையில் மேலாளரும், ஜெர்மனியில் எச்ஆரும் ஒரே நேரத்தில் திருத்தினால்? சர்வர் யாருடையதையும் தூக்கிப் போடாது. ஒன்றை முதன்மையாக வைத்து, மற்றொன்றை 'ரெப்ளிகேஷன் கான்ஃப்ளிக்ட்' என்ற துணை டாக்குமென்ட்டாக வைக்கும். யாராவது வந்து பார்த்துச் சரிசெய்ய வேண்டும். இருவரும் வெவ்வேறு ஃபீல்டுகளைத்தான் மாற்றினார்கள் என்றால், தானே இணைத்துக்கொள்ளும்படி ஃபார்மில் அமைக்க முடியும்.

இதிலிருந்து வரும் பாடம் ஒன்று. 'கடைசி லீவு எண்ணைப் பார், ஒன்றைக் கூட்டு' என்று வரிசை எண் கொடுக்கும் பழக்கம் இங்கே ஆகாது. இரண்டு நகலிலும் அடுத்தடுத்து விண்ணப்பம் வந்தால், இரண்டுக்கும் ஒரே எண் விழும். அதற்குப் பதிலாக ஒவ்வொரு டாக்குமென்ட்டுக்கும் டாமினோவே தரும் 32 இலக்க அடையாளத்தைப் பயன்படுத்தலாம். வரிசை எண் கட்டாயம் என்றால், எண் கொடுக்கும் வேலையை ஒரே ஒரு சர்வரிடம் விட வேண்டும்.

வேகம் பற்றியும் ஒரு குறிப்பு. 'இன்றைய லீவுகள்' என்று ஒரு வியூ வேண்டும் என்று தோன்றும். வியூவின் தேர்வு ஃபார்முலாவில் 'இன்று' என்பதைப் போட்டால், அந்தப் பட்டியல் எப்போதுமே பழையதாகிவிட்டது என்று சர்வர் கருதும். திறக்கும்போதெல்லாம் மறுபடி அடுக்கும். 100 டாக்குமென்ட்டில் இது தெரியாது. லட்சத்தைத் தொட்டால் சர்வர் திணறும். தேதிவாரியாக அடுக்கிய சாதாரண வியூவைச் செய்து, இன்றைய தேதியை மட்டும் திறக்கச் சொல்வதே சரியான வழி.

எந்தப் பாதையில் கற்பது?

டாமினோவில் வெப் அப்ளிகேஷன் கட்ட நான்கு தலைமுறை வழிகள் இருக்கின்றன.

முதலாவது, மேலே சொன்ன பழைய வழி: ஃபார்ம், வியூ, ஃபார்முலா, லோட்டஸ்ஸ்கிரிப்ட். 1990-களின் வாசனை அடிக்கும்.

இரண்டாவது, எக்ஸ்பேஜஸ். 2009-ல் 8.5 பதிப்போடு வந்தது. ஜாவா உலகத்தின் ஜேஎஸ்எஃப் என்ற அடித்தளத்தில் கட்டப்பட்டது. சர்வர் பக்கம் ஜாவாஸ்கிரிப்டும் ஜாவாவும் எழுதலாம்.

மூன்றாவது, டாமினோ ரெஸ்ட் ஏபிஐ. இதில் டாமினோ பின்னணியில் தரவையும் அனுமதியையும் மட்டும் பார்த்துக்கொள்ளும். முன்பக்கத்தை ரியாக்ட், ஆங்குலர், மொபைல் ஆப் என்று எதில் வேண்டுமானாலும் கட்டலாம். எந்த ஃபீல்டுகளை வெளியே காட்டுவது என்று ஸ்கீமாவில் சொன்ன பிறகே அவை வெளியே வரும். ஏசிஎல்லும் ரீடர்ஸ் ஃபீல்டும் இங்கேயும் செல்லும்.

நான்காவது, டாமினோ லீப் என்ற லோ-கோடு வழி. பெட்டிகளை இழுத்துப் போட்டு ஃபார்மும் அனுமதிப் படிகளும் செய்யலாம்.

புதிதாக வருபவர் எதிலிருந்து தொடங்குவது? பழைய வழியைப் 'படிக்க'க் கற்க வேண்டும். ரெஸ்ட் ஏபிஐயில் 'எழுத'க் கற்க வேண்டும். ஓடிக்கொண்டிருக்கும் அப்ளிகேஷன்களின் வணிக விதிகள் பழைய ஃபார்முலாக்களிலும் ஏஜென்ட்டுகளிலும்தான் புதைந்திருக்கும். 'எட்டு நாளுக்கு மேல் லீவு என்றால் இரண்டு கையெழுத்து' என்ற விதி, எந்த ஆவணத்திலும் இல்லாமல், யாரோ பல ஆண்டுகளுக்கு முன் எழுதிய ஒரு ஃபார்முலாவில் மட்டும் இருக்கலாம். அதைப் படிக்கத் தெரியாமல் புதிய முன்பக்கம் கட்டினால், பளபளப்பான தவறு ஒன்றுதான் கிடைக்கும். எக்ஸ்பேஜஸை, கையில் வந்த புராஜெக்டில் இருந்தால் மட்டும் கற்றால் போதும்.

வேலைச் சந்தையில் இதற்கு மதிப்பு உண்டா?

இதை மறைக்க வேண்டியதில்லை. வேலை தேடும் தளங்களில் ரியாக்டுக்கோ, பைத்தானுக்கோ வரும் விளம்பரங்களோடு டாமினோவை ஒப்பிடவே முடியாது. இதை மட்டுமே நம்பி பத்து வருடம் ஓட்டினால், நடுவில் புராஜெக்ட் மூடும்போது கையைப் பிசைய வேண்டிவரும். நண்பர்கள் குழுவின் கிண்டலில் பாதி உண்மை இருக்கிறது.

மீதிப் பாதியும் முக்கியம். டாமினோவை விட்டு ஷேர்பாயின்ட், பவர் ஆப்ஸ் என்று மாறும் நிறுவனங்களுக்கும், பழையதைப் புரிந்துகொண்ட ஆள் தேவை. தரவைத் தூக்கி வைப்பது எளிது. ஒவ்வொரு டாக்குமென்ட்டிலும் தனித்தனியாக இருக்கும் ரீடர்ஸ் பூட்டைப் புதிய இடத்தில் அதே போல மாட்டுவதுதான் கடினம். அதைத் தவறவிட்டால், நேற்று வரை மறைந்திருந்தது நாளை எல்லோர் கண்ணிலும் படும். இந்த வேலை தெரிந்தவர்கள் ஓய்வுபெறத் தொடங்கும் வயதில் இருக்கிறார்கள் என்பதையும் கணக்கில் எடுக்கலாம்.

கற்றதில் கையோடு எடுத்துப்போகக் கூடியதும் உண்டு. டாக்குமென்ட் டேட்டாபேஸில் யோசிக்கும் பழக்கம் மாங்கோடிபியில் உதவும். ரெப்ளிகேஷன் சிக்கல், இன்றைய டிஸ்டிரிபியூட்டட் சிஸ்டம் எல்லாவற்றிலும் வேறு பெயரில் வரும். திரையில் மறைப்பது வேறு, தரவைப் பூட்டுவது வேறு என்ற பாடம் எந்த மொழியில் எழுதினாலும் செல்லும். ரியாக்டில் பட்டனை மறைத்துவிட்டு ஏபிஐயைத் திறந்து விடுபவர்களும் அதே தவறைத்தான் செய்கிறார்கள்.

எனவே இப்படி ஒரு புராஜெக்ட் வந்தால், 'வேண்டாம்' என்று சொல்லும் முன் மேனேஜரிடம் ஒரு கேள்வி கேட்டுவிடுவது நல்லது: "இது பராமரிப்பா, புதுப்பிப்பா, இடமாற்றமா?" வெறும் பராமரிப்பு என்றால், ஒரு கால வரையறையைப் பேசிவைத்துக்கொண்டு, பக்கத்தில் வேறொன்றையும் கற்றுக்கொண்டே இருக்க வேண்டும். ரெஸ்ட் ஏபிஐயோடு புதுப்பிப்பு, அல்லது இடமாற்றம் என்றால், ஒன்றிரண்டு வருடம் தாராளமாக இறங்கலாம்.

வெளியிடும் முன் நான்கு சோதனைகள்

எந்தப் பாதையில் கட்டினாலும், அப்ளிகேஷனை நேரலையில் விடும் முன் அரை மணி நேரம் ஒதுக்கி இவற்றைச் செய்துவிட வேண்டும்.

1. பிரவுசரில் தனிப்பட்ட சாளரம் ஒன்றைத் திறந்து, லாகின் செய்யாமல் ஒவ்வொரு முகவரியையும் தட்டிப் பார்க்க வேண்டும். லாகின் பக்கம் மட்டும்தான் வர வேண்டும்.

2. குறைந்த அனுமதி உள்ள ஒரு சோதனைப் பயனராக நுழைந்து, எல்லா வியூக்களையும், மெனுவில் இல்லாதவற்றையும் சேர்த்து, ஜேசனாகக் கேட்டுப் பார்க்க வேண்டும். டெவலப்பரின் சொந்தக் கணக்கில் சோதிப்பது சோதனையே அல்ல. அவருக்கு எல்லாக் கதவும் திறக்கும்.

3. ஒருவரின் விண்ணப்பத்தின் முகவரியை நகலெடுத்து, அதே பிரிவில் இருக்கும் இன்னொருவரின் கணக்கில் ஒட்டிப் பார்க்க வேண்டும்.

4. இரண்டு பிரவுசரில் ஒரே விண்ணப்பத்தைத் திறந்து, இரண்டிலும் வேறு வேறு மாற்றம் செய்து சேமிக்க வேண்டும். இரண்டு சர்வர் இருந்தால், இரண்டிலும் ஆளுக்கொரு பக்கமாகத் திருத்தி, ரெப்ளிகேஷனுக்குப் பிறகு பார்க்க வேண்டும். என்ன ஆகிறது என்று முதலில் டெவலப்பர் பார்ப்பது நல்லதா, பயனர் பார்ப்பது நல்லதா?

அந்தக் கற்பனைக் காட்சியின் இளம்பெண், மருத்துவக் காரணத்தைத் தனி டாக்குமென்ட்டாகப் பிரித்துவிட்டு, மூத்தவரை மறுபடி அழைக்கிறார். அவர் அதே சாதாரணப் பயனராக நுழைந்து அதே முகவரியைத் தட்டுகிறார். பட்டியல் காலியாக வருகிறது. "இப்போ லைவ்ல விடு" என்று சொல்லிவிட்டு எழுந்து டீ குடிக்கப் போகிறார்.